மஞ்சள் வெள்ளப் பரணி

ஏலக்காட்டு மூடுபனியை ஒரே கூப்பாட்டில் கிழித்து, எதிர்மலை வளைவில் மறைந்த ஜீப்பைத் திரும்பி வரவழைக்கும் இடிக்குரலினளும், அட்டைக்கடிக்கு அஞ்சாத கணைக்காலினளும், தூக்குச்சட்டியைக் கேடயமென இடுப்பில் இடுக்கிய போர்க்கோலத்தினளும், சுருளிப்பட்டிச் சாலையிலிருந்து பிரிந்து திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒளிந்துகிடக்கும் சூசைக்குளம் என்னும் திருவூரின் வடக்குத்தெரு நாயகியும், இருதயத்தின் இல்லக்கிழத்தியும், ஒன்பதாம் வகுப்பு ரீட்டாவின் அன்னையுமாகிய ரோசம்மாளை வணங்கி இக்காவியத்தைத் தொடங்குகிறோம். ஆயிரம் யானைகளைக் கொன்று குவித்த வேந்தனுக்குப் பரணி பாடுவது முன்னோர் வழக்கம். இக்காலத்தில் யானையைச் சீண்டினாலே வழக்குப் போட்டுவிடுவார்கள். ஆகவே, முக்காலியில் நின்ற ஒற்றைக் கேமராவைத் தன் தெருப்பக்கம் திருப்பப் போராடிய இவளுக்கே இந்தப் பரணி உரியது. யானையைச் சாய்ப்பதைவிட அது கடினமா என்று ஐயுறுவோர், ஏதேனும் ஒரு தொலைக்காட்சிக்குப் போன் செய்து தங்கள் ஊர்ச் சாக்கடையைப் பற்றிச் சொல்லிப் பார்க்கலாம்.

காவியம் என்றால் காப்பு வேண்டும். இமையா விழியினளே, இருபத்துநான்கு மணிநேரமும் ஓயா நாவினளே, செந்நிறப் பட்டை மேகலையாக ஒளிர, மூலையில் நால்வர் பெட்டிக்குள் அமர்ந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேச, பின்னணியில் பேரிகை அதிர வீற்றிருக்கும் அலைவரிசை அன்னையே, நடிகன் மீசை மழித்தால் நீ விழித்தெழுவாய். நாலு தெருவுக்குக் காய்ச்சல் வந்தால் விளம்பர இடைவேளைக்குப் போவாய். எங்கள் பக்கம் கண் திறக்காவிட்டாலும் போகிறது, காதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்.

இனிப் போர் மூண்ட காரணம் கேளுங்கள். விண்முட்ட நிற்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கிய குழாய், வடக்குத்தெருச் சாக்கடைக்கு அடியில் பதுங்கிச் செல்லும் வழியில், எந்த நன்னாளிலோ விரிசல் கண்டது. அங்கே சாக்கடையும் குடிநீரும் பொருத்தம் பாராமல் சம்பந்தம் செய்துகொண்டன. அதன் பயனாகக் குழாய்தோறும் மஞ்சள் நீர் சுரந்தது. அடுத்துப் பிள்ளைகளின் கண்கள் மஞ்சளாயின. ரோசம்மாளின் மகள் ரீட்டா சோற்றைக் கண்டாலே குமட்டி, சுருண்டு விழுந்து, தேனி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். தகப்பன் இருதயம் கட்டிலோரம் காத்திருக்க, தாய் கஞ்சிக்கும் மாற்றுத்துணிக்குமாக ஊருக்கும் தேனிக்கும் அலைந்தாள். தெருவில் இன்னும் படுக்காத பிள்ளைகள் அந்தக் குழாயிலேதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தைப் பகடியாகச் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

நாயகிக்கு மதிமந்திரியாக வாய்த்தவள் அனிதா மேரி. தேவாலயத்தின் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மனு எழுதுவதில் மலைக்காதவள். அவள் விடுத்த மனுக்கள் மேசையிலிருந்து மேசைக்குப் பாய்ந்து, ஒவ்வோர் அலுவலகத்திலும் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்டி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. எனவே அவள் எரிமலை டிவியின் தேனி நிருபர் சூரியபிரகாஷைப் போனில் அழைத்தாள்.

"விஷுவல் ஏதாச்சும் இருக்கா மேடம்?"

"குழாயில தண்ணி மஞ்சளா வருது சார். பிள்ளைகளுக்கெல்லாம் காமாலை."

"அது எல்லா ஊர்லயும் இருக்கறதுதான. யாராச்சும் தவறியிருக்காகளா?"

"இல்ல சார்."

"அப்பப் பாப்போம்."

நல்ல பிள்ளைதான் சூரியபிரகாஷ். தன் செய்தியைச் சென்னையில் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு பிணமாவது வேண்டும் என்பது அவன் இயற்றிய சட்டமல்ல. அனிதா மேரி போனை வைத்துவிட்டு, அடுத்த மனுவுக்குத் தாள் எடுத்தாள்.

இவ்விடத்தில் நாயகியின் நாவைப் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். இளமை முதலே விடியலில் ஜீப்பேறி, மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்து ஏலத்தோட்டங்களில் பழமெடுத்துப் பழகியவள் அவள். அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். பொழுதெல்லாம் வெள்ளம் கேட்டு, வெள்ளம் குடித்து, வெள்ளம் சுமந்த நாக்கு, மலையிறங்கிய பின்னும் மாறவில்லை. "ஏலே, ஒரு சொம்பு வெள்ளம் மோந்துட்டு வா" என்று அவள் அழைத்தால் வடக்குத்தெரு சிரிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் தாகத்துக்குக் குடிப்பது. இந்தப் பக்கம் ஆட்டையும் மாட்டையும் அடித்துக்கொண்டு போவது. இரண்டுக்கும் நடுவே ஒரு மலைதான் வித்தியாசம் என்பதால் அவள் அதைப் பொருட்படுத்தியதில்லை.

இந்நிலையில் கோம்பையிலிருந்து குட்டியாக வந்து, சூசைக்குளத்து வாழைத்தோட்டக்காரன் கருத்தக்கண்ணனின் காவல் தெய்வமாக வளர்ந்த, செவலை மேனியும் கருமூக்கும் கொண்ட மைனர் என்னும் நாயானது, ஒருநாள் இரவு சங்கிலியை அறுத்துக்கொண்டு உலாப் புறப்பட்டது. திராட்சை ஏற்றும் கொட்டகையில், சிலந்திவலை போர்த்திய சிசிடிவி கேமராவின் முன்னே அது நடந்து, நின்று, சோம்பல் முறித்துச் சென்றது. அந்தக் காட்சி ஒரு செல்போனில் ஏறியபோது நாயாகவே இருந்தது. இரண்டாவது செல்போனில் பெரிய நாயானது. கம்பம் பேருந்து நிலையத்தைத் தாண்டியபோது சிறுத்தையாகிவிட்டது. பொழுது நன்றாக விடியும் முன்னரே, தலையில் டிஷ் ஆன்டெனா என்னும் வெண்கொற்றக்குடையைக் கவிழ்த்துவைத்த வேனொன்று திராட்சைப் பந்தல்களைக் கலக்கிக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. ஒரு மனுவுக்கும் வராத வண்டி ஒரு நாயின் சோம்பலுக்கு வந்துவிட்டது.

வேனிலிருந்து இறங்கினான் சூரியபிரகாஷ், ஒலிவாங்கி என்னும் கதாயுதத்தோடு. அவன்பின் இறங்கினான் ஒளிப்பதிவாளன் அஜய்குமார், முக்காலியைத் தோளில் தாங்கி. உடனே நாடெங்கும் திரைகள் செந்நிறம் பூண்டன. 'சிறுத்தையின் பிடியில் சூசைக்குளம்!' 'உயிரைக் கையில் பிடித்திருக்கும் மக்கள்!' என்று பட்டைகள் ஓடின. சென்னை அரங்கில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், விலங்கு ஆர்வலர் ஒருவர், எதற்கும் வரும் ஒருவர், சோதிடர் ஒருவர் என நால்வர் கூடி, வந்திருப்பது ஆணா பெண்ணா என்று விவாதித்தனர். உயிரைக் கையில் பிடித்திருந்த மக்களோ வாசலில் பல் விளக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தனர்.

கருத்தக்கண்ணனுக்கு மனச்சாட்சி உறுத்தியது. மைனரைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்து நிருபன் எதிரே நிறுத்தினான்.

"சார், அது இவன்தான் சார். எங்க மைனரு."

"நீங்க சிறுத்தையப் பாத்தீங்களா?"

"நாயி சார் அது. இந்தா நிக்கிறான்ல."

"பாத்தப்ப பயமா இருந்துச்சா?"

கருத்தக்கண்ணன் யோசித்தான். நாயைக் காணாமல் தேடியபோது பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஆதலால் ஆமாம் என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் மட்டும் திரையில் ஏறியது. 'சிறுத்தையை நேருக்கு நேர் கண்ட விவசாயி!' என்று அவன் முகத்தின் கீழே எழுதப்பட்டது. அவன் காலடியில் அமர்ந்திருந்த சிறுத்தை காதைச் சொறிந்துகொண்டிருந்தது. கேமரா அவ்வளவு கீழே இறங்கவில்லை.

இதையெல்லாம் கண்டுநின்ற அனிதா மேரிக்கு ஒன்று விளங்கியது. கேமரா நம் வீட்டுக்கு வராது, நாமே கேமராவுக்குள் போக வேண்டும். அவள் ரோசம்மாளிடம் சொன்னாள். ரோசம்மாள் தெருமுனையில் நின்று ஒரு குரல் விடுத்தாள். எதிர்மலை ஜீப்பைத் திருப்பிய குரலல்லவா? அரிசி களைந்தவள் அரிசியை விட்டாள். ஆடு பிடித்தவள் ஆட்டை விட்டாள். வடக்குத்தெருப் பெண்படை திரண்டெழுந்தது. பச்சைக் குடம் முன்னணியாக, நீலக் குடம் பக்கணியாக, ஓட்டைக் குடம் பின்னணியாக, வெறுங்குடங்கள் வயிற்றிலடித்து முழங்க, வாழைத்தோப்பின் முன்னே நேரலை தந்துகொண்டிருந்த சூரியபிரகாஷின் முதுகுப்புறத்தில் அணிவகுத்து நின்றது. ரோசம்மாளின் கையில் ஒரு பாட்டில். அதற்குள் அன்று காலைக் குழாயில் பிடித்த தண்ணீர்.

"அம்மா, கொஞ்சம் ஓரமாப் போங்கம்மா" என்றான் அஜய்குமார்.

போனார்கள். எந்த ஓரத்துக்கு அவன் கேமராவைத் திருப்பினானோ அந்த ஓரத்துக்கே போனார்கள். அவன் கிழக்கே திருப்பினால் கிழக்கே குடம்; மேற்கே திருப்பினால் மேற்கே குடம்; தென்னைமரத்தின் பின்னே ஒதுங்கினால் தென்னைமரத்தின் இருபுறமும் குடம். முக்காலி மூன்று காலால் ஓட, பெண்படை நாற்பது காலால் துரத்த, சப்பரம் சுற்றுவதுபோல அந்தத் தோப்பை இரு தரப்பாரும் வலம் வந்தனர். மூச்சு வாங்கிய அஜய்குமார் கடைசியில் லென்ஸ் என்னும் பிரம்மாஸ்திரத்தைத் திருகி, நிருபனின் முகம் ஒன்றே திரையை நிறைக்குமாறு நெருக்கினான். குடங்கள் மறைந்தன. அப்போது ரோசம்மாள் ஓரடி முன்னே வைத்து, கையை உயர்த்தி, மஞ்சள் பாட்டிலைச் சூரியபிரகாஷின் காதோரம் நீட்டினாள்.

நாடு முழுவதும் அந்தப் பாட்டிலைக் கண்டது. சென்னை அரங்கில் நால்வரும் நாற்காலி நுனிக்கு வந்தனர். பின்பு எதற்கும் வருகிறவர் தெளிந்தார், அது சிறுத்தையின் சிறுநீராகத்தான் இருக்க வேண்டும் என்று. 'சிக்கியது சிறுத்தையின் சிறுநீர்! பாட்டிலில் பிடித்த வீரப்பெண்!' என்று பட்டை ஓடியது. நிறத்தை வைத்துப் பார்த்தால் அதற்கு உடல்நலம் சரியில்லை என்று விலங்கு ஆர்வலர் கவலை தெரிவித்தார்.

தன் செல்போனில் இதைப் பார்த்த அனிதா மேரி, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொன்னாள்.

"அத்தே, அதை மூத்திரம்னு போடுறாக."

ரோசம்மாள் பாட்டிலைப் பார்த்தாள். "அதத்தான பிள்ள ரீட்டா குடிச்சா" என்றாள்.

உரத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப்பின் அவளைத் தடுக்க அந்தப் பள்ளத்தாக்கில் ஆளில்லை. பாய்ந்தாள்; ஒலிவாங்கியின் கழுத்தைப் பற்றினாள். சூரியபிரகாஷ் ஒருபுறம் இழுக்க, அவள் மறுபுறம் இழுக்க, ஏலக்காய் மூட்டை தூக்கிய தோளுக்கு முன்னே வாய்ச்சொல் வீரனின் தோள் எம்மாத்திரம்? கதாயுதம் கைமாறியது. மலைகள் எதிரொலிக்க, நேரலையில், நாயகி முழங்கினாள்:

"சிறுத்தையும் இல்ல, கழுதையும் இல்ல. எங்க ஊருக்கு வெள்ளம் மஞ்சளா வருது. வீட்டுக்கு வீடு வெள்ளம் இப்பிடித்தான். பிள்ளைகளப் படுக்கையில தள்ளிருச்சு. இம்புட்டு நாளாக் கத்துறோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

சென்னையில் பேரிகை நின்றது. செய்தியாசிரியர் எழுந்து நின்றார். சிறுத்தை கிடைத்த நாளிலேயே வெள்ளமும் கிடைப்பதற்கு எத்தனை பிறவியில் தவம் செய்திருக்க வேண்டும்? அடுத்த நொடியில் திரை தீப்பிடித்தது. 'தேனி அருகே மஞ்சள் வெள்ளம்!' 'வீடுகளுக்குள் புகுந்தது! குழந்தைகளின் கதி என்ன?' 'வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதா சிறுத்தை?' எப்போதோ வைகை அணையில் மதகு திறந்தபோது எடுத்த பழைய காட்சி ஒன்று மூலையில் மஞ்சள் பூசப்பட்டு மீண்டும் மீண்டும் ஓடியது. வைகை அணை இருப்பது பள்ளத்தாக்கின் மறுகோடியில் என்பதும், மூன்று வாரமாகச் சூசைக்குளத்தில் பொட்டுத் தூறல் இல்லை என்பதும் அக்காட்சியின் வேகத்தை எவ்விதத்திலும் குறைக்கவில்லை.

"தண்ணியத்தான் சார் சொன்னேன். குடிக்கிற வெள்ளம்" என்று ரோசம்மாள் நிருபனிடம் விளக்கினாள். அவன் காதில் சொருகியிருந்த கருவி வழியே சென்னை கூவிக்கொண்டிருந்ததால் அவள் குரல் உள்ளே நுழைய இடமில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை எவ்வாறு உரைப்போம்! மேலும் பல குடைகவிழ்த்த வேன்கள் வந்தன. ஆம்புலன்ஸ் வந்தது. காக்கி உடையில் மீட்புக் குழு வந்தது. அவர்களின் லாரியில் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்று, துடுப்புகளோடு வந்தது. எல்லோருக்கும் பின்னே, மனுக்களை மேசை மேசையாக அனுப்பிவைத்த அதிகாரி, முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, நனையத் தயாராக ஜீப்பிலிருந்து இறங்கினார். கால் வைத்த இடத்தில் புழுதி பறந்தது.

"எங்கம்மா வெள்ளம்?" என்றார்.

அனிதா மேரி நாயகியின் காதோரம் குனிந்தாள். "அத்தே, தண்ணின்னு திருத்திச் சொல்லிருவோமா? தப்பா நெனச்சு வந்துட்டாக."

"தண்ணின்னு நீ எத்தன தடவ எழுதிக் குடுத்த?" என்றாள் ரோசம்மாள். "அப்ப யாரு வந்தாக?"

மதிமந்திரி திருத்தும் யோசனையைக் கைவிட்டாள். ஆனாலும் பொய் சொல்ல இருவருக்கும் மனமில்லை. ரோசம்மாள் அதிகாரியைத் தெருக்குழாயண்டை அழைத்துச்சென்று, குழாயைத் திறந்து, ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினாள்.

"இந்தா இங்கன இருக்கு சார் வெள்ளம். குடிச்சுப் பாருங்க."

இதற்குள் பெண்படை ரப்பர் படகை லாரியிலிருந்து இறக்கி, குழாயடியில் நடுத்தெருவில் வைத்து, அதற்குள் ஏறி அமர்ந்துகொண்டது. இடமில்லாதவர்கள் படகைச் சுற்றி அமர்ந்தார்கள். குழாயைச் சரிசெய்யும் வரை படகு நகராது, படகு நகராமல் லாரி நகராது, லாரி நகராமல் அதன் பின்னால் நிற்கும் எவர் ஜீப்பும் நகராது என்று அனிதா மேரி பிரகடனம் செய்தாள். வறண்ட தெருவில் படகேறிய மகளிரைக் கண்டதும் கேமராக்கள் மொய்த்தன. ஆகா, எப்பேர்ப்பட்ட விஷுவல்! எல்லாக் கண்ணாடிக் கண்களும் அதிகாரியின் கையிலிருந்த மஞ்சள் டம்ளரை நோக்கிக் குவிந்தன. அவர் டம்ளரைப் பார்த்தார், கேமராக்களைப் பார்த்தார், மறுபடி டம்ளரைப் பார்த்தார். வாய்வரை கொண்டுபோய், மணம் மூக்கில் ஏற, இறக்கினார். பிறகு போனை எடுத்து, உடனே ஜேசிபி அனுப்பச் சொன்னார்.

அவ்வளவு நாளும் அசையாத அரசு இயந்திரம் அரைமணி நேரத்தில் மஞ்சள் கையை நீட்டிக்கொண்டு தெருவில் உருண்டு வந்தது. சாக்கடையோரம் தோண்டத் தொடங்கியது. மண் விலகி, சிமென்ட் விலகி, துருவேறிய குழாயின் முதுகு தெரிந்தது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அந்த வேளையில்தான், விதி என்பது சென்னையிலிருந்து வந்தது. சினிமா நட்சத்திரம் ஒருவர் மூணாறு செல்லும் வழியில் போடி கடைத்தெருவில் காரை நிறுத்தி இளநீர் குடிக்கிறார். அருகிலிருப்பவர் மனைவி அல்லர்.

கொட்டகையில் விளக்கணைந்ததும் ஈசல் மறைவதைப் பார்த்திருக்கிறீர்களா? முக்காலிகள் மடங்கின. குடைகள் அசைந்தன. சூரியபிரகாஷ் மட்டும் வேன் கதவைப் பிடித்தபடி ஒருகணம் நின்றான். "அம்மா, தப்பா எடுத்துக்காதீக. ஆபீஸ்ல கூப்பிடுறாக" என்றான். ரோசம்மாள் போய்ப் படகில் ஏறிப் பெண்களோடு அமர்ந்தாள். கடைசி வேன் பந்தல்களுக்குள் மறைந்ததும் அதிகாரி சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட்டார். தோண்டிய வரை போதும், மீதியை நிதி ஒதுக்கீடு வந்ததும் பார்க்கலாம் என்றார். ஜேசிபி கையை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

கேட்பீராக, உலகீரே! பரணிக்குரிய போர் இதுவரை நடந்ததல்ல, இதுதான். பார்க்க ஒரு கண்ணில்லை, பதிய ஒரு கேமரா இல்லை, பின்னணியில் பேரிகை இல்லை. ரோசம்மாள் படகிலிருந்து இறங்கி, நகரும் ஜேசிபியின் பின்சக்கரத்துக்கும் பாதைக்கும் நடுவே போய், புழுதியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அனிதா மேரி அவளருகே உட்கார்ந்தாள். பிறகு குடங்கள் வந்தன. கருத்தக்கண்ணனும் மைனரைப் பிடித்துக்கொண்டு வந்து ஓரமாகக் குந்தினான். ஜேசிபி ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"எந்திரிங்கத்தா. எனக்கு ஆர்டர் வந்துருச்சு."

"தம்பி, எம்பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கா" என்றாள் ரோசம்மாள். "இந்தக் குழாய மாத்தாம அவள இங்கன கூட்டியாந்தா திரும்பவும் அதத்தான் குடிப்பா. நீ ஏத்திட்டுப் போறதுன்னா போ."

ஓட்டுநர் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறி இறங்கியது. கத்தல் இல்லை, கோஷம் இல்லை. யாரோ ஒருத்தி ஜெபமாலை சொல்ல, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். ஓட்டுநருக்கும் ஒரு தட்டில் சோறு போனது. ஜீப்பை எடுக்க வழியில்லாமல், நிழல் தேடித் தேடி அலுத்த அதிகாரி, மாலைக்கு முன்னே மறுபடி போனை எடுத்து, கிடங்கிலிருந்து புதுக்குழாய் கொண்டுவரச் சொன்னார். நிதி ஒதுக்கீடு எப்படி அத்தனை விரைவாக வந்தது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஜேசிபியின் மஞ்சள் கை மீண்டும் நீண்டது. விரிசல் கண்ட குழாய் வெளியே வந்தபோது அதற்குள்ளிருந்து வந்த வாடைக்குத் தெருவே மூக்கைப் பொத்தியது. இதையா குடித்தோம் என்று பெண்கள் அழுதார்கள். அன்றைய செய்திகளில் இளநீர் குடித்தவரின் அருகிலிருந்தது தங்கை என்று தெரியவந்த அதிர்ச்சி மட்டுமே இரவு வரை ஓடியது.

இவ்வாறு முக்காலியை வென்று, அதிகாரியை வென்று, எந்திரக்கையை வெறும் உட்காரலால் வென்று, பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்குக் குடிநீர் மீட்ட கோமகளும், வெள்ளம் என்னும் ஒற்றைச் சொல்லால் நாட்டையே திரட்டி, அந்த நாடு கைவிட்டுப் போனபின்னும் எழுந்திராத பேராண்மையளும், எந்தத் திரையும் காட்டாத, எந்தப் பட்டையும் எழுதாத, இந்தப் பரணியைத் தவிர வேறெதுவும் பாடாத வீரத்திருவுமாகிய ரோசம்மாள், புழுதி படிந்த சேலையோடும் இடுப்பில் இடுக்கிய தூக்குச்சட்டியோடும் பஸ்ஸேறித் தேனியில் இறங்கி, ஆஸ்பத்திரி வார்டுக்குள் வெற்றிவாகை சூடிய வேந்தர்களும் நாண நுழைந்து, மகளின் கட்டிலருகே நின்றாள்.

தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள். காலையில் ரீட்டாவுக்கென்று வைத்த கஞ்சி புளித்திருந்தது.